வங்கதேச எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதும் முறை

வங்கதேச எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் பற்றித் தமிழில் வரும் அறிமுகக் குறிப்புகள் பல, பிறந்த ஊர், படித்த கல்லூரி, பெற்ற விருதுகள், மறைந்த நாள் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் பிழை எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் ஏன் ஓர் ஊரில் பிறந்து இன்னொரு நாட்டின் குடிமகனானார், எதற்காகச் சிறைக்குப் போனார், நாற்பத்தாறு வயதில் அவருடைய எழுத்து ஏன் திடீரென்று நின்றுபோனது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இருப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டு வங்கதேச எழுத்தாளரின் வாழ்க்கையை அந்த நாட்டின் வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து எழுத முடியாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. இதழுக்கோ கலைக்களஞ்சியத்துக்கோ மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரைக்கோ இத்தகைய குறிப்பை எழுத முனைபவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூன்று ஆண்டுகள்

தகவல் திரட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் 1947, 1952, 1971 என்ற மூன்று ஆண்டுகளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவருக்கு என்ன வயது, எந்த ஊரில் இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் குறியுங்கள். 1947 வங்கம் இரண்டாகப் பிரிந்த ஆண்டு. 1952 பிப்ரவரி 21 அன்று, வங்க மொழியையும் பாகிஸ்தானின் ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று கோரியவர்கள் மீது டாக்காவில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. 1971 மார்ச் 25 இரவு தொடங்கிய பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கை டிசம்பர் 16 அன்று வங்கதேச விடுதலையில் முடிந்தது. இந்த மூன்று இடங்களையும் நிரப்பிவிட்டால் குறிப்பின் எலும்புக்கூடு பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நாடகாசிரியரும் மொழியியலாளருமான முனீர் சௌத்ரியை எடுத்துக்கொள்வோம். 1925 நவம்பர் 27 அன்று பிறந்த அவர், 1947-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தார். 1952 துப்பாக்கிச்சூட்டைக் கண்டித்ததற்காக, அப்போது பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த அவர் சிறையில் அடைக்கப்பட்டார். சக கைதியான ரணேஷ் தாஸ்குப்தாவின் வேண்டுகோளை ஏற்று அங்கே அவர் எழுதிய ‘கபர்’ (கல்லறை) என்ற நாடகம், 1953 பிப்ரவரி 21 அன்று டாக்கா மத்திய சிறைக்குள்ளேயே கைதிகளால் நடிக்கப்பட்டது. சிறையில் இருந்தபடியே அவர் வங்க இலக்கியத்திலும் முதுகலைத் தேர்வு எழுதினார். பின்னர் ஹார்வர்டில் மொழியியல் படித்துத் திரும்பி, 1965-இல் வங்கத் தட்டச்சுப் பொறிக்கு ‘முனீர் ஆப்டிமா’ என்ற விசைப்பலகையை வடிவமைத்தார். 1971 டிசம்பர் 14 அன்று வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். நாடகம், மொழியியல், விசைப்பலகை என்று தனித்தனித் துறைகளாகத் தோன்றும் அனைத்தும் வங்க மொழிக்கான ஒரே உழைப்பின் பகுதிகள் என்பது, மூன்று ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகிறது.

இதே தாளில் ஆய்வாளர் அனிசுஸ்ஸமானின் வாழ்க்கை வேறு விதமாக விரியும். 1937-இல் கல்கத்தாவில் பிறந்த அவர், பிரிவினையின்போது பத்து வயதுச் சிறுவனாகக் குடும்பத்தோடு கிழக்கு வங்கத்துக்குக் குடிபெயர்ந்தார். மாணவராக மொழி இயக்கத்தில் பங்கேற்றார். 1971-இல் எல்லை கடந்து சென்று, புலம்பெயர்ந்து இயங்கிய வங்கதேச அரசுக்குப் பணியாற்றினார். 1972-இல் புதிய நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் வங்கமொழி வடிவத்தை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பத்து வயதில் கடந்த எல்லையை முப்பத்து நான்கு வயதில் எதிர்த்திசையில் கடந்தவர் என்ற ஒரு செய்தியே அவரைப் பற்றிய குறிப்புக்கு உயிர் தரும்.

எந்த நாட்டவர் என்று எழுதுவது

‘வங்கதேச எழுத்தாளர்’ என்ற அடைமொழியை முதல் வரியில் இயல்பாக எழுதிவிடுகிறோம். 1971-க்கு முன் அப்படி ஒரு நாடு இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த அடைமொழியை எங்கே, எப்படி வைப்பது என்பதில் கவனம் வரும். 1947 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் வங்க மாகாணம், பிறகு பாகிஸ்தானின் கிழக்கு வங்கம், 1955 முதல் கிழக்குப் பாகிஸ்தான், 1971 முதல் வங்கதேசம் என்று ஒரே மண்ணுக்குப் பெயர் மாறியிருக்கிறது. பிறப்பிடத்தை எழுதும்போது அன்றைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. 1984-இல் உட்கோட்டங்கள் பல தனி மாவட்டங்களாக உயர்த்தப்பட்டதால், பழைய நூல்களில் ரங்பூர் மாவட்டம் என்று இருப்பது புதிய நூல்களில் காய்பாந்தா என்றும், மைமன்சிங் என்று இருப்பது நேத்ரகோனா என்றும் வரலாம். இவை முரண்பட்ட தகவல்கள் அல்ல. இரண்டில் ஒன்றைப் பிழை என்று நீக்கிவிடக் கூடாது.

நாவலாசிரியர் சையத் வலியுல்லாஹ் இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. சிட்டகாங்கில் பிறந்து, கல்கத்தாவில் ஆங்கில நாளிதழில் பணியாற்றி, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் வானொலியிலும் தூதரகங்களிலும் பணிபுரிந்து, இறுதியில் பாரிஸில் யுனெஸ்கோ நிறுவனத்தில் இருந்தவர் அவர். 1971-இல் ஐரோப்பாவில் இருந்தபடியே வங்கதேச விடுதலைக்கு ஆதரவு திரட்டினார். விடுதலைக்கு இரண்டு மாதங்களே இருந்தபோது, அக்டோபர் 10 அன்று பாரிஸில் காலமானார். அவரைப் பற்றிய குறிப்பை நான் இப்படித் தொடங்குவேன்:

“சையத் வலியுல்லாஹ் (15 ஆகஸ்ட் 1922 – 10 அக்டோபர் 1971) நவீன வங்கமொழி நாவலின் முன்னோடிகளில் ஒருவர். இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங்கில் பிறந்த இவர், பாகிஸ்தான் அரசின் வெளிநாட்டுத் தூதரகங்களில் பணியாற்றினார். கைவிடப்பட்ட ஒரு கல்லறையைப் புனிதத் தலமாக்கி ஒரு கிராமத்தையே தன் பிடிக்குள் கொண்டுவரும் மனிதனைப் பற்றிய ‘லால்சாலு’ (செந்துணி) இவருடைய முதல் நாவல். வங்கதேச விடுதலைக்கு ஐரோப்பாவில் ஆதரவு திரட்டிய இவர், அது நிறைவேறுவதற்கு முன்பே பாரிஸில் மறைந்தார்.”

இந்தப் பத்தியில் நாட்டினத்தைக் குறிக்கும் அடைமொழி எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதில் வாசகருக்கு ஐயம் எழாது.

பேகம் ரொக்கேயாவைப் பற்றி எழுதுவோருக்கு இதே சிக்கல் இன்னும் பெரிதாக இருக்கும். ரங்பூர் பகுதியின் பாய்ராபந்து கிராமத்தில் 1880-இல் பிறந்து, கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான பள்ளியை நடத்தி, 1932-இல் மறைந்த அவர் பாகிஸ்தானையே பார்த்ததில்லை. ஆனாலும் டிசம்பர் 9 வங்கதேசத்தில் ரொக்கேயா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ‘வங்கதேசம் தன் முன்னோடியாகப் போற்றும் எழுத்தாளர்’ என்று எழுதினால் உண்மைக்கும் மரியாதைக்கும் இடையே மோதல் வராது. தமிழ் வாசகருக்காக எழுதும்போது ஒரு செய்தியை விட்டுவிடாதீர்கள். பெண்கள் ஆட்சி செய்யும் நாட்டைக் கற்பனை செய்யும் அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலக் கதை, 1905-இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில்தான் முதலில் வெளிவந்தது.

பெயர்களில் வேண்டிய கவனம்

முதற்பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் எழுத்தைப் போடும் நம் வழக்கம் அங்கே இல்லை. கடைசிச் சொல் எப்போதும் குடும்பப் பெயராக இருக்கும் என்ற ஐரோப்பிய வழக்கமும் பொருந்தாது. ‘சங்ஷப்தக்’ நாவலை எழுதிய ஷஹீதுல்லாஹ் கைசரும், நாவலாசிரியரும் திரைப்பட இயக்குநருமான ஜஹீர் ராய்ஹானும் உடன்பிறந்தவர்கள். ஹுமாயூன் அஹ்மத், முஹம்மத் ஜாஃபர் இக்பால், கேலிச்சித்திரக்காரர் அஹ்சான் ஹபீப் ஆகிய மூவரும் சகோதரர்கள். இந்த அஹ்சான் ஹபீபுக்கு முந்தைய தலைமுறையில் அதே பெயரில் புகழ்பெற்ற கவிஞர் ஒருவர் இருந்தார். மொழியியலாளர் முஹம்மத் ஷஹீதுல்லாஹ் வேறு, ஷஹீதுல்லாஹ் கைசர் வேறு. எனவே பிறந்த ஆண்டையும் துறையையும் பெயரோடு சேர்த்துச் சரிபார்க்காமல் ஒருவருடைய நூலை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். படங்களைச் சேர்க்கும்போதும் இந்தக் கவனம் தேவை.

பெண் எழுத்தாளர்களின் பெயர் திருமணத்தால் மாறியிருக்கக்கூடும். கவிஞர் சூஃபியா கமால் தம் முதல் கவிதைத் தொகுப்பை 1938-இல் வெளியிட்டபோது, காலமான முதல் கணவரின் பெயரோடு சூஃபியா என். ஹுசைன் என்றே அறியப்பட்டிருந்தார். 1939-இல் மறுமணத்துக்குப் பின்னரே நாம் அறிந்த பெயர் வந்தது. பழைய இதழ்களில் தேடுபவர்கள் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும்.

ஒலிபெயர்ப்பில் ஒரே விதியைப் பின்பற்றுங்கள். அஹ்மத், அகமது, அஹமத் என்று ஒரே கட்டுரையில் மூன்று வடிவங்கள் வருவது, ஒரு வடிவம் சற்றே பிசகியிருப்பதைவிட வாசகருக்கு அதிகத் தொல்லை தரும்.

நாள்களைச் சரிபார்த்தல்

வங்க நாள்காட்டியில் மட்டுமே நாள் கிடைக்கும் இடங்கள் உண்டு. வங்க ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், ஏப்ரல் நடு முதல் டிசம்பர் வரையுள்ள நாள்களுக்கு வங்க ஆண்டோடு 593-ஐயும், ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையுள்ள நாள்களுக்கு 594-ஐயும் கூட்ட வேண்டும். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் வங்க ஆண்டு 1306, ஜ்யைஷ்ட மாதம் 11-ஆம் நாள் பிறந்தார். அது 1899 மே 24. ஆனால் வங்கதேசத்தில் அவருடைய பிறந்தநாள் இப்போது மே 25 அன்று கொண்டாடப்படுகிறது. மொழியியலாளர் முஹம்மத் ஷஹீதுல்லாஹ் தலைமையிலான குழு 1966-இல் பரிந்துரைத்து, 1987-இல் அரசு ஏற்றுக்கொண்ட நாள்காட்டிச் சீர்திருத்தமே இந்த ஒரு நாள் வேறுபாட்டுக்குக் காரணம். பிறந்தநாள் விழாச் செய்தியை வைத்துப் பிறந்த தேதியை எழுதுவது ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியும் குடும்பத்தார் சொல்லும் தேதியும் வேறுபடுவது அந்தத் தலைமுறையினரிடம் பரவலாகக் காணப்படுகிறது. இரண்டு நம்பகமான நூல்கள் இரண்டு தேதிகளைத் தந்தால், ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஆண்டிலும் வேறுபாடு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

பிழைப்புக்கு என்ன செய்தார்கள்

குறிப்புகளில் நான் பெரிதும் எதிர்பார்த்து ஏமாறும் பகுதி இதுதான். வங்கதேசத்தில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் கல்லூரி ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், அரசு ஊழியர்கள். வேலை அவர்களுடைய எழுத்தின் அளவையும் வேகத்தையும் பொருளையும் நேரடியாகப் பாதித்திருக்கிறது.

அக்தருஸ்ஸமான் இலியாஸ் டாக்காவின் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்கில் வங்க இலக்கியம் கற்பித்தவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 1969-ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியை ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் இளைஞன் வழியாகச் சொல்லும் ‘சிலேகோடார் சேபாய்’ முதலாவது. வடக்கு வங்கத்தின் குடியானவர்கள், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் நடத்திய தெபாகா போராட்டம், பிரிவினை ஆகியவற்றை அந்த மண்ணின் கனவுகளோடும் தொன்மங்களோடும் பின்னிய ‘கோவாப்நாமா’ (1996) இரண்டாவது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவர், 1997 ஜனவரி 4 அன்று ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். ‘இரண்டு நாவல்களும் ஐந்து சிறுகதைத் தொகுதிகளும்’ என்ற பட்டியலை மட்டும் எழுதினால், குறைவாக எழுதியவர் என்ற எண்ணமே வாசகரிடம் தங்கும். பாடம் நடத்திக்கொண்டே, களத்துக்குச் சென்று மக்களின் பேச்சைக் கேட்டு, ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணிக்கைக்கு நியாயம் கிடைக்கும்.

மறுபுறம் ஹுமாயூன் அஹ்மத். நேத்ரகோனா பகுதியைச் சேர்ந்த காவல்துறை அதிகாரியின் மகனாக 1948-இல் பிறந்தார். தந்தை 1971-இல் பாகிஸ்தான் ராணுவத்தால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே முதல் நாவல் வெளிவந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த அவர், பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு எழுத்துக்கும் தொலைக்காட்சிக்கும் திரைப்படத்துக்கும் முழுநேரமாக வந்தார். அவருடைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பாகேர் பாய் என்ற பாத்திரத்துக்குத் தூக்குத் தண்டனை வரப்போகிறது என்று தெரிந்ததும், அதை எதிர்த்து டாக்கா தெருக்களில் மக்கள் ஊர்வலம் போனார்கள். வெகுசன எழுத்தாளர் என்பதற்காக அவரை இரண்டு வரிகளில் கடந்துவிடுவது சரியன்று. ஒரு பேராசிரியர் வேலையைத் துறந்து எழுத்தால் வாழ முடியும் என்ற நிலை அந்த நாட்டில் எப்படி உருவானது, பிப்ரவரி மாதப் புத்தகக் கண்காட்சியில் வாசகர்கள் ஏன் அவருக்காக வரிசையில் நின்றார்கள் என்பவை இலக்கிய வரலாற்றுக்கு உரிய கேள்விகளே.

அறிஞர்களைப் பற்றி எழுதும்போது பட்டங்களின் பின்னணியைத் தேடுங்கள். முஹம்மத் ஷஹீதுல்லாஹ் சம்ஸ்கிருதத்தில் இளங்கலை முடித்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதுகலையில் சேர்ந்தபோது, முஸ்லிம் மாணவருக்கு வேதம் கற்பிக்கப் பண்டிதர் ஒருவர் மறுத்துவிட்டார். அதனால் ஒப்பியல் மொழியியலுக்கு மாறி 1912-இல் முதுகலை முடித்தார். 1928-இல் பாரிஸின் சோர்போனில், வங்க மொழியின் மிகப் பழைய பாடல்களான சர்யாபதங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பாகிஸ்தான் பிறப்பதற்கு முன்பே, 1947 ஜூலையில், உருதுவை மட்டும் ஆட்சிமொழியாக்கும் யோசனையை மறுத்துக் கட்டுரை எழுதினார். ஒரு மறுப்பு எப்படி ஒரு மொழியியலாளரை உருவாக்கியது என்பதைப் பட்டங்களின் வரிசை தானாகச் சொல்லாது.

பேராசிரியர் அப்துர் ரஸ்ஸாக்கின் வாழ்க்கையோ வழக்கமான முறைக்குள் அடங்காதது. லண்டனில் அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்கியின் வழிகாட்டலில் ஆய்வு செய்த அவர், லாஸ்கி இறந்ததும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமலேயே டாக்கா திரும்பினார். அச்சில் அவர் விட்டுச்சென்றது மிகக் குறைவு. ஆனாலும் 1975-இல் தேசியப் பேராசிரியராக்கப்பட்டார்; ஒரு தலைமுறை அறிவாளிகள் அவரைத் தம் ஆசான் என்று சொல்லிக்கொண்டனர். அத்தகையவருக்கு நூற்பட்டியல் தேடிப் பயனில்லை. எழுத்தாளர் அஹ்மத் சொஃபா அவரைப் பற்றி எழுதிய ‘ஜத்யபி அமார் குரு’ போன்ற நினைவுக் குறிப்புகளையே ஆதாரமாகக் கொண்டு, அவர் யாரிடம் எத்தகைய தாக்கத்தை ஏற்படுத்தினார் என்பதை எழுத வேண்டும்.

1971-இல் மறைந்தவர்களைப் பற்றி

இந்தப் பகுதியில் ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்தி நிதானித்து எழுதுங்கள். டிசம்பர் 14 உயிர்த்தியாகம் செய்த அறிவாளிகளின் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதால், 1971-இல் உயிரிழந்த எல்லா அறிஞர்களும் அந்த நாளில் கொல்லப்பட்டார்கள் என்ற தவறான எண்ணம் எளிதில் உண்டாகிறது. மெய்யியல் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் மார்ச் 25-ஐ ஒட்டிய தாக்குதலிலேயே கொல்லப்பட்டார். ஆங்கிலப் பேராசிரியர் ஜோதிர்மய் குஹடாகுர்தா அதே தாக்குதலில் சுடப்பட்டு, மார்ச் 30 அன்று மருத்துவமனையில் இறந்தார். முனீர் சௌத்ரியும் ஷஹீதுல்லாஹ் கைசரும் டிசம்பர் 14 அன்று கடத்தப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. ஜஹீர் ராய்ஹான் விடுதலைக்குப் பிறகு, 1972 ஜனவரி 30 அன்று, அண்ணன் ஷஹீதுல்லாஹ் கைசரைத் தேடி டாக்காவின் மீர்பூருக்குப் போனபோது காணாமல் போனார். சுடப்பட்டார், கடத்தப்பட்டார், காணாமல் போனார் என்ற இந்த வேறுபாடுகளை அழித்துவிட்டு எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதுவது, அவர்களுக்கு நிகழ்ந்ததை மறைப்பதாகும்.

நாவலாசிரியர் அன்வர் பாஷாவைப் பற்றி எழுதும்போது எழுதிய காலத்தையும் வெளியான காலத்தையும் பிரித்துக் காட்டுங்கள். ராணுவத்தின் பிடியிலிருந்த டாக்காவில், 1971 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் அவர் எழுதிய ‘ரைஃபிள் ரொட்டி அவுரத்’ நாவல் 1973-இல்தான் நூலானது. டிசம்பர் 14 அன்று அழைத்துச் செல்லப்பட்ட ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை. ஜஹானாரா இமாமின் ‘ஏகாத்தொரேர் தின்குலி’ நாட்குறிப்பும் அப்படித்தான். அதில் உள்ள நாள்கள் 1971-க்கு உரியவை, நூல் வந்தது 1986-இல். அந்தப் போரில் மூத்த மகன் ரூமியையும், விடுதலைக்குச் சில நாள்களுக்கு முன் கணவரையும் இழந்த அவர், 1992-இல் போர்க்குற்றவாளிகளை விசாரிக்கக் கோரிய மக்கள் நீதிமன்றத்தை முன்னின்று நடத்தினார். எழுத்தும் பொதுவாழ்வும் அவரிடம் ஒன்றாகவே இருந்ததால், ‘எழுத்தாளர்’, ‘செயற்பாட்டாளர்’ என்று இரண்டு தனித் தலைப்புகளில் அவரைப் பிரிக்காதீர்கள்.

பிற்காலத்து வன்முறைகளிலும் இதே நிதானம் வேண்டும். எழுத்தாளர் ஹுமாயூன் ஆசாத் 2004 பிப்ரவரி 27 அன்று புத்தகக் கண்காட்சியிலிருந்து வெளியே வரும்போது வெட்டப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் மூனிச் நகரில் இறந்து கிடந்தார். இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள்.

ஆதாரங்களும் விருதுகளும்

தொடங்குவதற்கு ஏற்றது, வங்கதேச ஆசியவியல் கழகம் 2003-இல் வங்கத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட ‘பாங்ளாபீடியா’ கலைக்களஞ்சியம். இணையத்திலும் கிடைக்கிறது. வங்கம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பாங்ளா அகாதமியின் வாழ்க்கை வரலாற்று அகராதியையும், 1971-இல் இழந்தவர்களைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் எழுதிய நினைவுகளை ரஷீத் ஹைதர் தொகுத்த ‘ஸ்ம்ருதி 1971’ வரிசையையும் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் ஆங்கிலப் பதிப்போடு நின்றுவிடாமல், நூற்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மட்டுமாவது வங்கம் அறிந்த ஒருவரிடம் படித்துக்காட்டி உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விருதுகளைக் கடைசியில், சுருக்கமாக எழுதுங்கள். பாங்ளா அகாதமி விருது 1960 முதலும், ஏகுஷே பதக்கம் 1976 முதலும், சுதந்திர விருது 1977 முதலும் வழங்கப்படுகின்றன. எனவே ஒருவர் இவற்றைப் பெறாததற்கு அவர் வாழ்ந்த காலமே காரணமாக இருக்கலாம். உயிருடன் இருந்தபோது பெற்றதா, மறைவுக்குப் பின் அளித்ததா என்பதையும் குறிப்பிடுங்கள். திருப்பிக் கொடுத்த விருது இருந்தால் அதற்கு ஒரு முழு வாக்கியம் ஒதுக்குங்கள். முனீர் சௌத்ரி 1966-இல் பாகிஸ்தான் அரசிடம் பெற்ற ‘சிதாரா-இ-இம்தியாஸ்’ பட்டத்தை 1971 மார்ச்சில், ஒத்துழையாமை இயக்கத்தின்போது துறந்தார். விடுதலை பெற்ற நாடு அவருக்கு 1980-இல், மறைவுக்குப் பின், சுதந்திர விருதை வழங்கியது.

உயிருடன் இருப்பவர்களைப் பற்றி எழுதினால், வகிக்கும் பதவிக்கும் வாழும் ஊருக்கும் ஆண்டு குறிப்பிடுங்கள். வழக்குகளைப் பற்றி, யார் தொடுத்தது, எந்த நிலையில் உள்ளது என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், அந்த ஆசிரியரின் ஒரு சிறுகதையையாவது ஒரு கட்டுரையையாவது மொழிபெயர்ப்பிலேனும் முழுமையாகப் படித்துவிட்டு, அதைப் பற்றி உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பத்தி சேர்த்த பிறகே குறிப்பை அனுப்புங்கள்.